தோலளவு நிலம்

பிற்பகல் மூன்றரை. மழைக்கு முந்தைய புழுக்கம்.
கண்ணாடிக்கு அடியில் அவள் தள்ளியது
பத்து தினார்த் தாள். துனீசியா.
தாளில் ஒரு பெண்முகம்.

வாங்குவதில்லை, என்றேன்.
அந்தக் கரையைத் தாண்டினால்
அந்தக் காசு காசில்லை. அவர்கள் சட்டம்.
தெரியும், கேட்டுப் பார்த்தேன், என்றாள்.
மிண்டன் பல்கலையில் கடற்பாசி படிக்கிறவள்.
பெயர் உல்ஃபா.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
கிட்டங்கித் தெரு முழுக்க அஞ்சடிக்குள் ஒதுங்க,
அவள் என் கவுண்டரோடு ஒட்டி நின்றாள்.
முகம் யாருடையது என்று
நான்தான் கேட்டேன்.

எலிஸா.
தங்கத்துக்காகப் புருஷனைக் கொன்ற அண்ணனிடமிருந்து
கப்பலேறித் தப்பியவள்.
அந்நியக் கரையில் இறங்கி
ஒரு மாட்டுத்தோல் மூடும் அளவு நிலம் கேட்டாள்.
சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.
இரவெல்லாம் அந்தத் தோலை
நூலாக நறுக்கினாள்.
விடிந்தபோது நூலுக்குள் ஒரு குன்று.
கர்த் ஹதஷ்த் என்று பெயர் வைத்தாள்.
புதுநகர் என்று பொருளாம்.
நாம் சொல்லும் கார்த்தேஜ்.

இந்தத் தோலை எனக்குத் தெரியும், என்றேன்.
மலாக்காவில் வெள்ளைக்காரன் கேட்டதும்
இதே தோல்தான்; பள்ளியில் சொன்னார்கள்.
இந்தத் தீவுக்கு வந்தவன் தோல் கேட்கவில்லை.
பீரங்கிக்குள் வெள்ளிக்காசு திணித்துக்
காட்டுக்குள் சுட்டானாம்.
காசு பொறுக்க வந்த கைகள்
காட்டை வெட்டித் தீர்த்தனவாம்.

மெய்யா?
உங்கள் தோல் மெய்யென்றால் எங்கள் பீரங்கியும்.
சிரித்தாள். பல்லில் கம்பி.

வட்டமாக ஒரு துறைமுகம் இருந்ததாம்,
இருநூற்று இருபது போர்க்கப்பலுக்குக் கொட்டில்களோடு.
இப்போது அது குளம்.
சுற்றிலும் பணக்கார வீடுகள்,
பையன்கள் மடவை மீனுக்குத் தூண்டில் போடுகிறார்கள்.
ரோமர்கள் வைத்த தீ
பதினேழு நாள் எரிந்தது.
உப்பு விதைத்தார்களாமே, என்றேன், டிவியில் பார்த்ததை வைத்து.
இல்லை.
அது பின்னால் வந்த எவனோ
கதைக்குள் தூவிய உப்பு.
எரித்த தளபதி நின்று அழுதானாம், அதைச் சொல்கிறார்கள்.
அந்த அழுகையைத்தான்
என்னால் பொறுக்க முடிவதில்லை.

மழை விட்டது.
தாளை எடுத்துக்கொள்ளவில்லை அவள்.
எனக்கும் இங்கே செல்லாது, வைத்துக்கொள்ளுங்கள்.

என் கடை நீளம் ஏழடி, அகலம் நாலு.
ஒரு மாட்டுத்தோல், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்.
யென், பாட், ரூப்பியா எல்லாம்
இந்தத் தோலின் மேல்தான் கைமாறின
இருபத்தாறு வருஷம்.
இழுப்பறையில் மிஸ்டர் ஊய் அனுப்பிய மூன்றாவது கடிதம்:
துவான் நத்தர்ஷா, மாதக் கடைசிக்குள்.
விரல்விட்டு எண்ணினேன். பதினேழு நாள்.

ஒப்பிடக் கூடாது.
இங்கே எதுவும் எரியப்போவதில்லை,
காப்பிக்கடை வரப்போகிறது.
காரை உரிந்த இந்தச் சுவர்
படத்தில் அழகாக விழுகிறதாம்.
மிஸ்டர் ஊய் அழவும் மாட்டார், அந்த மட்டும் நல்லது.

நோட்டுக்கட்டின் பட்டையை வெட்டும் கத்தரி
கையருகே கிடந்தது.
கடிதத்தை ஓரத்திலிருந்து நறுக்கத் தொடங்கினேன்,
மீகூன் மாதிரி, அறுபடாமல், சுற்றிச் சுற்றி.
தேதி போயிற்று, துவான் போயிற்று,
முத்திரை இரண்டாகி வளைந்தது.
முனையைக் கல்லாவில் முடிந்து
கடையை ஒரு சுற்று.
இன்னும் இருந்தது.
தூணைச் சுற்றி, அஞ்சடி தாண்டி,
பக்கத்துக் கடிகாரக்காரன் எட்டிப் பார்க்க,
சாக்கடை விளிம்பு வரை போனேன்.

அங்கே ஈரத்தில் அறுந்தது.

அறுந்த இடத்திலிருந்து கல்லா வரை
காலடி வைத்து அளந்துகொண்டே திரும்பினேன்.
எத்தனை அடி என்று
தாளில் இருப்பவளுக்கு மட்டும் சொன்னேன்.